எங்க காலேஜ் கபாடி டீமும் ஒரு ஃபார்ம் த்ரீயும்

மக்களே, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஒட்டடை அடிச்சுட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன். 2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்' படம் பார்த்ததுல இருந்து உள்ளுக்குள்ள ஒரு கொசுவத்தி விடாம சுத்திக்கிட்டு இருக்கு. பயப்படாதீங்க, விமர்சனம் எழுதப் போறதில்ல. அதை ஊரே எழுதி முடிச்சாச்சு. மணத்தி கணேசனோட வாழ்க்கையை ஒட்டி மாரி செல்வராஜ் எடுத்த படம் அது. தூத்துக்குடிப் பக்கத்து கிராமத்துல இருந்து கிளம்பி, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம், அப்புறம் அர்ஜுனா விருதுன்னு போன மனுசன். அப்படி மேல போனவங்க கதையைச் சொல்ல சினிமா இருக்கு. நான் சொல்லப் போறது, ரெண்டாவது படியிலயே நின்னு போன ஒரு டீம் பத்தி. எங்க காலேஜ் டீம். 2004-ஆம் வருசம்.

முதல்ல ஒரு விசயம். பேப்பர்ல, டிவியில எல்லாம் 'கபடி'ன்னு எழுதறாங்க. எங்க ஊர்ப் பக்கம் சுவத்துல ஒட்டற நோட்டீஸ்ல 'மாபெரும் மின்னொளி கபாடிப் போட்டி'ன்னுதான் இருக்கும். அந்தக் காலை எடுத்துட்டா எனக்கு ஆட்டமே நொண்டற மாதிரி இருக்கு. அதனால இந்தப் பதிவு முழுக்க கபாடிதான்.

2004 ஏப்ரல்ல 'கில்லி' வந்துச்சு. ஜூன்ல காலேஜ் திறந்ததும் பி.டி. சார் நோட்டீஸ் போர்டுல கபாடி செலக்சன்னு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினார். அதுக்கு முந்தின வருசம் அதே சீட்டுக்கு ஒன்பது பேர் வந்தோம். ஏழு பேர் ஆடணும், மாத்தாளோட சேர்த்து பன்னெண்டு. ஆக மூணு பேரைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தார் சார். 2004ல் அறுபது பேருக்கு மேல வந்து நிக்கறாங்க! பாதிப்பேர் விஜய் மாதிரி முடியை வாரிக்கிட்டு. சார் ஒண்ணும் பேசல. எல்லாரையும் ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு, ஒருத்தன் காலை இன்னொருத்தன் பிடிச்சுத் தரையில சாய்க்கணும்னார். எங்க கிரவுண்டு அப்ப வெறும் கப்பிக்கல். முழங்கை, முட்டியெல்லாம் உரிஞ்சுபோச்சு. மூணாவது நாள் காலையில வந்தவங்க பதினாலு பேர். :)

அந்தப் பதினாலுல நான் பன்னெண்டாவது ஆள். சும்மா அடக்கத்துக்குச் சொல்லல, நெஜமாவே பன்னெண்டாவது. எனக்கு மூச்சு பத்தாது, ஆனா கையெழுத்து நல்லா இருக்கும். அதனால சார் என் கையில ஸ்கோர் நோட்டைக் குடுத்துட்டார். அந்த சீசன் முழுக்க நான் கோட்டுக்கு வெளிய உட்கார்ந்து எழுதினவன். பார்த்ததெல்லாம் இன்னிக்கும் அப்படியே நிக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கிரவுண்டு கதை சொல்லாம மேல போக முடியாது. கபாடிக்கு வேண்டியது 13 மீட்டருக்கு 10 மீட்டர் இடம்தான். ஒரு சின்னக் களம். ஆனா அந்த இடத்துல கல் இருக்கக் கூடாது. ஆபீசுல போய்க் கேட்டோம். 'பார்க்கலாம்'னாங்க. கோயமுத்தூர்ல 'பார்க்கலாமுங்க'ன்னு மரியாதையா சொன்னா என்ன அர்த்தம்னு இந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியும். எங்க கேப்டன் எம்.காம். ரெண்டாவது வருசம், பொள்ளாச்சிப் பக்கம். நாங்க பொள்ளாச்சியண்ணன்னு கூப்பிடுவோம். அவர் மாமாகிட்ட டிராக்டர் இருந்துச்சு. ஆளுக்கு இருபது ரூபா போட்டு டீசல் ஊத்தி, ரெண்டு லோடு செம்மண் வந்து இறங்குச்சு. கட்டட வேலை நடக்கற இடத்துல மணல் சலிக்கற சல்லடையை இரவல் வாங்கி, ரெண்டு நாள் சலிச்சோம். தண்ணி தெளிச்சு, காலால மிதிச்சு, மறுபடியும் தண்ணி தெளிச்சு. சாயங்காலம் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து இருக்கே, ஜூன் ஜூலையில அது அடிக்கற அடியில பாதி மண்ணு காம்பவுண்டைத் தாண்டிப் போயிடும். தினமும் தண்ணி தெளிச்சே ஆகணும். அந்த டூட்டியும் பன்னெண்டாவது ஆளுக்குத்தான்.

இனி ரெண்டு பேரை அறிமுகப்படுத்தணும். பேர் வேண்டாம், ஊர்ப் பேர் போதும். எங்களுக்குள்ளயும் அப்படித்தான்.

சோமனூரான் என் வகுப்பு, பி.காம். கடைசி வருசம். வீட்டுல எட்டுத் தறி, கூலிக்கு ஓட்டறது. அவங்கம்மா தார் சுத்துவாங்க, அவங்கய்யன் பகல்ல தறி ஓட்டினா இவன் ராத்திரி பாதி ஷிப்ட் பார்ப்பான். காலையில முதல் பஸ்ஸுல வந்து இறங்கறப்போ தலைமுடியில பஞ்சு ஒட்டியிருக்கும். வெள்ளை முடி மாதிரி. 'என்ன தாத்தா, சவுக்கியமா?'ம்போம். தறிச் சத்தத்துலயே வளர்ந்ததால கத்தித்தான் பேசுவான். ஆனா பாடிப் போறப்ப மட்டும் குரல் அடங்கி, உதட்டுக்குள்ளயே ஒரு முணுமுணுப்பா கபாடி கபாடின்னு ஓடும். இன்னிக்கு டிவியில முப்பது விநாடி கடிகாரம் காட்டறாங்க. எங்களுக்கு அவன் மூச்சுதான் கடிகாரம். ஒல்லி ஆளு. எதிர்க் கார்னரை நோக்கி நடந்து போறவன் மாதிரி போவான், திரும்பறப்ப எப்படியோ ஒரு ஆளைத் தொட்டிருப்பான். எப்ப தொட்டான்னு நடுவருக்கே சந்தேகம் வரும்.

அந்தியூரான் ரெண்டாவது வருசம், ஹாஸ்டல். ஆடி மாசம் குருநாதசாமி கோயில் திருவிழாவுல கூடற மாட்டுச் சந்தை கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த அந்தியூர். வீட்டுல மாடு கன்னு ஜாஸ்தி. வாயைத் திறந்து பேசறது அபூர்வம். இடது கார்னர்ல நிப்பான். ஒரு காலை முன்னால வெச்சு, உடம்பைத் தாழ்த்தி, எதிராளி கணுக்காலையே பார்த்துக்கிட்டு. பிடிச்சா விடமாட்டான். 'எப்படிடா பிடிக்கறே?'ன்னு கேட்டா, 'கன்னுக்குட்டி ஓடறப்ப எந்தக் காலை மொதல்ல தூக்குதுன்னு பார்க்கோணும்ணா'ன்னான். அவ்வளவுதான் அவனோட கபாடித் தத்துவம்.

சரி, சீசனுக்கு வர்றேன். என் அக்கா பையன் இப்ப அமெரிக்காவுல ஒரு சின்னக் காலேஜ்ல படிக்கறான். அவங்க ஊர் ஃபுட்பால், அதாங்க, கையில பந்தைத் தூக்கிட்டு ஓடி முட்டிக்கற ஆட்டம், அதுல அவங்க காலேஜ் டீம் எந்த வருசமும் உருப்பட்டதில்லையாம். டிவிஷன் 3 காலேஜுங்கறதால விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் கூட கிடையாது. ஆனாலும் செப்டம்பர்ல ஆரம்பிச்சு நவம்பர் வரைக்கும், வாரம் ஒரு சனிக்கிழமைன்னு பத்து மேட்ச் ஆடறாங்க. ஒன்பது தோத்தாலும் பத்தாவது இருக்கு. அதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. நம்ம ஊர்ல சின்னக் காலேஜுக்கு சீசன்னா ரெண்டு நாள்! பாரதியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருக்கற காலேஜெல்லாம் வரும். அப்ப கோவை, ஈரோடு, நீலகிரின்னு மூணு மாவட்டம், திருப்பூர் தனி மாவட்டமானது 2009ல்தான். முதல்ல நாக்-அவுட், கடைசி நாலு டீமுக்கு லீக். முதல் மேட்ச்ல தோத்தா நாப்பது நிமிசத்துல உங்க வருசம் முடிஞ்சுது. ஜூன்ல இருந்து மண்ணு சலிச்சது, தண்ணி தெளிச்சது எல்லாம் அந்த நாப்பது நிமிசத்துக்கு.

அதனால எங்க நெஜமான சீசன் ஊர் ஊரா நடக்கற மின்னொளிப் போட்டிதான். சனிக்கிழமை பொழுதோட கிளம்பிப் போய், பேர் குடுத்து, நுழைவுக் கட்டணம் கட்டி உட்கார்ந்தா, நம்ம மேட்ச் எப்ப வரும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு மைக்குல கூப்பிடுவாங்க. நாலு மூலையிலயும் கம்பம் நட்டு லைட்டு, சுத்தி சாக்கு விரிச்சு சனம். வயசான அப்புச்சிங்க எல்லாம் முன் வரிசையில உட்கார்ந்து நடுவருக்கே ரூல் சொல்லிக் குடுப்பாங்க. ஒரு ஊர்ல கோயில் பக்கத்துல அண்டாவுல அரிசிம்பருப்பு சாதம் பண்ணி, வந்த டீமுக்கெல்லாம் போட்டாங்க. மேல நெய் வேற. தோத்தும் நல்லா சாப்பிட்ட ராத்திரி அது. ஜெயிச்ச ராத்திரிகள்ல பரிசுப் பணம் பஸ் செலவுக்கும் முட்டிக்கு மருந்துக்கும் சரியாப் போயிடும்.

சோமனூரான் மட்டும் சில ராத்திரி வரமாட்டான். தறியில பாவு பிணைக்கற வேலை இருக்கும். வந்தா எங்களோட லெவலே வேற.

ஆகஸ்ட்ல ஒருநாள் பிராக்டிஸ் முடிஞ்சதும் பி.டி. சார் அவனைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினார். பக்கத்துல தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்ததால எனக்கும் கேட்டுச்சு. ஃபார்ம் த்ரீ பத்தி அன்னிக்குத்தான் நான் முதல் முறையா கேள்விப்பட்டேன். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். விளையாட்டுக் கோட்டாவுல அரசாங்க வேலைக்குப் போகணும்னா, ஆடினேன்னு வாயால சொன்னாப் பத்தாது, அதுக்குச் சான்றிதழ்ப் படிவம் இருக்கு. இந்தியாவுக்கு ஆடினவங்களுக்கு ஃபார்ம் ஒன். தேசியப் போட்டியில மாநிலத்துக்கு ஆடினா ஃபார்ம் டூ. பல்கலைக்கழகங்களுக்கு இடையில நடக்கற போட்டியில தன்னோட யூனிவர்சிட்டிக்கு ஆடினா ஃபார்ம் த்ரீ. இன்டர் காலேஜியேட்ல கப்பே ஜெயிச்சாலும் இந்த மூணுல எதுவும் கிடைக்காது. அங்க செலக்டர் கண்ணுல பட்டு, யூனிவர்சிட்டி டீமுல இடம் பிடிச்சு, வெளியூர் போய் ஆடணும். அப்பத்தான் அந்தக் காகிதம்.

போலீஸ், ரயில்வேன்னு அந்தக் காகிதத்துக்குக் கதவு திறக்கற இடங்கள் இருக்கு. இன்னிக்குக் கணக்குல தமிழ்நாடு போலீஸ் தேர்வுல விளையாட்டுக்காரங்களுக்கு 10 சதவீதம், மத்த அரசு வேலைகள்ல 3 சதவீதம். சோமனூரானுக்குக் கடைசி வருசம். அவங்கய்யனுக்கு அந்தப் பஞ்சுத் தூசியில இருமல் ஜாஸ்தியாகி ஒரு ஷிப்டே ஓட்ட முடியாத நிலை. டிகிரி முடிச்சா தறி, இல்லைன்னா இந்தக் காகிதம். சார் சொன்னது இவ்வளவுதான்: 'ரெண்டு நாள்ல அவங்க கண்ணுல நீ படோணும். டீம் ஜெயிக்கறது அப்புறம்.'

செப்டம்பர்ல போட்டி. நடத்தின காலேஜ் ஊருக்கு வெளிய, பெரிய கேம்பஸ். முதல் மேட்ச் மலையில இருந்து இறங்கி வந்த டீமோட. பாவம், விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறி, தூக்கக் கலக்கத்தோட நின்னாங்க. சுலபமா ஜெயிச்சோம். ரெண்டாவது டீம் வரவே இல்ல, வாக்-ஓவர். மூணாவதுல மூணு பாயிண்ட்ல தப்பிச்சோம், கடைசி நிமிசத்துல பொள்ளாச்சியண்ணன் ஒரு போனஸ் எடுத்தார். ஆக, எங்க காலேஜ் சரித்திரத்துல முதல் முறையா கடைசி நாலுல. காலேஜுக்கு போன் பண்ணிச் சொன்னோம். 'அப்படியா, நாளைக்கும் பஸ் செலவு ஆகுமா?'ன்னு கேட்டாங்க. அவ்வ்வ்வ்.

லீக்ல முதல் மேட்ச் தோல்வி, ரெண்டாவது ஜெயம். ரெண்டுலயும் சோமனூரான் சுமாராத்தான் ஆடினான். முந்தின ராத்திரியும் தறிக்குப் போய்ட்டு வந்திருக்கான்னு கண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சுது. மூணாவது மேட்ச் அந்த வருசம் எல்லாரும் பயந்த பெரிய காலேஜோட. ஆளுக்கு ஆள் விளையாட்டு விடுதியில வளர்ந்தவங்க. ஃபீஸ் கிடையாது, முட்டை, பால், கறின்னு சாப்பாடு. ஏழு பேரும் கை கோத்து நின்னா சுவர் எழுப்பின மாதிரி இருந்துச்சு. ஷாமியானாவுக்குக் கீழ செலக்டர்கள் மூணு பேர், கையில காகிதம், டீ.

மேட்சுக்கு முன்னாடி பொள்ளாச்சியண்ணன் எங்களை வேப்பமரத்துக்கு அக்கட்டால கூட்டிட்டுப் போனார். "தம்பி, இவங்ககிட்ட நாம ஜெயிக்க மாட்டோம். அது எல்லாத்துக்கும் தெரியும். அதனால இன்னிக்கு பாடறது பூரா சோமனூரான். அவன் அவுட்டாகி வெளிய இருந்தா, நான் சும்மா போய்க் கோட்டை மிதிச்சுட்டு வந்துர்றேன். நீங்க எப்படியாவது ஒருத்தனைப் புடிச்சு அவனை உள்ள கொண்டாங்க. அவ்ளோதான்" அப்படின்னார்.

இது எவ்வளவு கஷ்டம்னு கபாடி ஆடினவங்களுக்குத்தான் புரியும். அவுட்டானவன் தானா உள்ள வர முடியாது. அவன் டீம் எதிராளியைத் தொட்டோ பிடிச்சோ எத்தனை பாயிண்ட் எடுக்குதோ அத்தனை பேர் உள்ள வரலாம். அதுவும் முதல்ல வெளிய போனவன் முதல்ல வருவான், வரிசை மாறாது. போனஸ் எடுத்தா பாயிண்ட் வரும், ஆள் வரமாட்டான். சோமனூரானுக்கு முன்னாடியே ரெண்டு பேர் வெளிய உட்கார்ந்திருந்தா, அவனைக் கூப்பிட மூணு ஆளைப் பிடிச்சாகணும். நாங்க சுமாரான டீம். பாடறவனை விட்டுட்டு, பிடிச்சே ஆள் சேர்க்கணும்ங்கறது, உப்பில்லாம சமைச்சு விருந்து வைக்கற கதை.

முதல் பாடல்லயே சோமனூரானைச் சுவத்துக்குள்ள இழுத்துட்டாங்க. வெளிய வந்து என் பக்கத்துல உட்கார்ந்தான். நெஞ்சு ஏறி இறங்குது. ஒண்ணும் பேசல.

அடுத்து அவங்க ஆள் பாடி வர்றான். நல்ல உயரம். அந்தியூரான் பக்கமே பார்க்காம வலது பக்கம் போறான். திரும்பற நேரம் அந்தியூரான் தரையோட தரையா விழுந்து கணுக்காலை ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டான். அவன் இழுக்கறான், இவன் மண்ணுல தேய்ஞ்சுக்கிட்டே போறான், நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னாடி விசில். சோமனூரான் எழுந்து உள்ள ஓடினான்.

அன்னிக்கு அது அப்படியே நடந்துக்கிட்டிருந்துச்சு. சோமனூரான் போவான், ரெண்டு தடவை தொட்டுட்டு வருவான், மூணாவது தடவை மாட்டுவான். அந்தியூரான் ஒருத்தனைப் பிடிப்பான். இவன் உள்ள வருவான். நடுவுல ஒரு தடவை அந்தியூரானே அவுட்டாகி வெளிய வந்தான், அப்ப நாங்க லோனா வாங்கி, எதிர் டீமுக்கு ரெண்டு பாயிண்ட் அதிகமா அழுதோம். லோனா ஆனா ஏழு பேரும் திரும்ப உள்ள போவாங்க. அதனால சோமனூரான் வெளிய உட்கார வேண்டியதில்லைன்னு எங்களுக்கு அதுலயும் ஒரு அல்ப சந்தோசம். ஆறு தடவை சோமனூரான் மாட்டினான். ஆறு தடவையும் திரும்பப் போனான். கடைசி அஞ்சு நிமிசத்துல அவனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, ஒரே பாடல்ல ரெண்டு பேரைத் தொட்டு, அந்தச் சுவத்துக்கு அடியில குனிஞ்சு வெளிய வந்தான். அப்பெல்லாம் அதுக்குப் பேர் கிடையாது, இப்ப டிவியில 'டுப்கி'ங்கறாங்க. அவங்க டீம் சப்போர்ட்டருங்களே கை தட்டினாங்க.

தோத்தோம். பதினோரு பாயிண்ட் வித்தியாசம். மொத்தத்துல மூணாவது இடம். நான் கணக்கை முடிச்சு அடிக்கோடு போட்டுட்டு சோமனூரானோட பாயிண்டை ரெண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். அந்த மேட்ச்ல எங்க பக்கம் அதிகம் அவன்தான். பொள்ளாச்சியண்ணன் மண்ணு ஒட்டின கையோடவே அவன் தலையைத் தடவி, "பத்தாதா இது?"ன்னார். பி.டி. சார் ஷாமியானா பக்கம் பார்த்துக்கிட்டு நின்னார், பதில் சொல்லல.

நாலு நாள் கழிச்சு லிஸ்ட். நானும் சோமனூரானும் காந்திபுரத்துல மருதமலை பஸ் ஏறி யூனிவர்சிட்டிக்குப் போனோம். கேம்ப்புக்குக் கூப்பிட்டவங்க பேர் டைப் அடிச்சு ஒட்டியிருந்துச்சு. எங்க காலேஜ் பேர் ஒரே ஒரு இடத்துல. அதுக்கு நேரா அந்தியூரான் பேர்.

சோமனூரான் மேல இருந்து கீழ ஒரு தடவை படிச்சான். கீழ இருந்து மேல ஒரு தடவை. "சரி வா, பஸ் வந்துரும்"ன்னான். வடவள்ளி தாண்டற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தவன், திடீர்னு, "அவன் எட்டுப் பேரைப் புடிச்சான்ல?"ன்னான். "ஆமா, எட்டு"ன்னேன். நோட்டுல இருந்துச்சு. அந்த எட்டுல பெரும்பாலானது இவனை உள்ள கூப்பிடறதுக்காகப் பிடிச்சதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்கல.

பி.டி. சார் அப்புறமா விளக்கம் சொன்னார். பாடறவங்க எல்லாக் காலேஜுலயும் இருக்காங்களாம், இடது கார்னர்ல நின்னு தனியாக் கணுக்கால் பிடிக்கறவன் வருசத்துக்கு ஒருத்தன் கிடைக்கறதே பெருசாம். செலக்டர்கள் பண்ணினது அநியாயம்னு என்னால சொல்ல முடியல. நானே செலக்டரா உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பேரைத்தான் எழுதியிருப்பேன். அதுதான் இன்னும் கடுப்பு.

அந்தியூரான் விசயம் தெரிஞ்சதும் நேரா சார் ரூமுக்குப் போனான். வாசல்லயே நின்னுக்கிட்டு, "ஏனுங் சார், பேரை மாத்திக் குடுக்க முடியாதுங்களா? எனக்கு இன்னும் ஒரு வருசம் இருக்குதுங்க. அண்ணனுக்கு இல்லீங்களே"ன்னான். அவன் அவ்வளவு நீளமாப் பேசி நாங்க கேட்டதில்ல. சார் ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டு, "அது ரேஷன் கார்டு இல்லடா, மாத்தி எழுத"ன்னார். "அப்ப நான் போகலீங்க"ன்னுட்டு ஹாஸ்டலுக்குப் போய்ப் படுத்துட்டான்.

சோமனூரான் ரெண்டு நாள் காலேஜ் வரல. மூணாவது நாள் காலையில ஆறு மணிக்கு, ஹாஸ்டல் கதவைத் தட்டி அந்தியூரானை எழுப்பினது அவன்தான். தலையில பஞ்சோட. நான் நேர்ல பார்க்கல, அந்தியூரான் சொன்னது: 'எந்திரிச்சு வாடா. அங்க வர்றவனெல்லாம் என்னைய மாதிரி மூணு மடங்கு. என்னையவே புடிக்க முடியலீன்னா அங்க போயி என்ன பண்ணுவே?' அவ்வளவுதான் சொன்னானாம். கேம்ப் ஆரம்பிக்க அப்ப ரெண்டு வாரம் இருந்துச்சு. அந்த ரெண்டு வாரமும் எங்க செம்மண்ணுல இவங்க ரெண்டு பேர் மட்டும். சோமனூரான் பாடிப் போவான், இவன் பிடிக்கணும். சோமனூரான் அந்த ரெண்டு வாரம் ஆடினது மாதிரி சீசன்ல ஒரு நாள் கூட ஆடல. கோவம் இல்லாம இருந்திருக்குமா? இருந்திருக்கும். ஒருநாள் காலை உதறின வேகத்துல அந்தியூரான் உதடு கிழிஞ்சுது. ரத்தத்தைத் துப்பிட்டு, 'இன்னொருக்கா வாங்ணா'ன்னான். நான் பக்கத்துல பக்கெட்டோட நின்னுக்கிட்டு இருந்தேன்.

அந்தியூரான் பன்னெண்டு பேர் டீமுல வந்துட்டான். தென்மண்டலப் போட்டிக்கு ரயில் ஏறிப் போனான். ஃபார்ம் த்ரீ கைக்கு வந்துச்சு. டிகிரி முடிச்சு ரெண்டு வருசம் கழிச்சு போலீஸ்ல சேர்ந்தான். இப்ப ஏட்டு. தொப்பை வந்துடுச்சு, பேச்சு மட்டும் இன்னும் வரல. பொள்ளாச்சியண்ணன் தென்னந்தோப்பைப் பார்த்துக்கிட்டு இருக்கார். பி.டி. சார் ரிட்டயர்டு. அந்தச் செம்மண் இருந்த இடத்துல கார் பார்க்கிங்.

சோமனூரான் பரீட்சை முடிஞ்ச அடுத்த திங்கக்கிழமை பகல் ஷிப்ட்டுக்குப் போனான். எட்டுத் தறி பன்னெண்டாச்சு, மறுபடி எட்டாச்சு. 2014ல் புரோ கபாடி லீக் வந்தப்ப, கல்யாண வீட்டுல எல்லாரும் டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தோம். ரெண்டு பாடல் சும்மா போச்சுன்னா மூணாவதுல பாயிண்ட் எடுத்தே ஆகணும்னு புது ரூல் காட்டினாங்க. எடுக்கலைன்னா அவுட். பொள்ளாச்சியண்ணன் அதைப் பார்த்துட்டு, "அப்ப நான் சும்மா போயி கோட்டை மிதிச்சுட்டு வந்ததெல்லாம் இந்த ரூல்ல ஆகாதுடா"ன்னார். சோமனூரான் சிரிச்சான். அந்த மேட்ச் பத்தி எங்களுக்குள்ள பேசினது அந்த ஒரு தடவைதான்.

2022 ஜனவரியில கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டத்துக் கூலித் தறியெல்லாம் ஒரு மாசத்துக்கு மேல நின்னுச்சு ஞாபகம் இருக்கா? சோமனூரே சத்தமில்லாம கிடந்துச்சு. அப்ப போன் பண்ணினேன், பணம் ஏதாவது வேணுமான்னு கேட்கலாம்னு. பின்னாடி பசங்க கத்தற சத்தம். தறிக் குடோனுக்குப் பக்கத்துக் காலி இடத்துல கோடு போட்டு, தெருப் பசங்களுக்கு கபாடி சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கான். ஸ்ட்ரைக் முடிஞ்சும் அது நிக்கல. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், தறியைப் பெண்டாட்டிகிட்ட விட்டுட்டு வந்துடறான். இருபது பேர் வர்றாங்க, அதுல எட்டுப் பேர் பொண்ணுங்க. அவனோட மூத்த பொண்ணும் ஒருத்தி, ஒன்பதாவது படிக்கறா. அப்பனை மாதிரியே ஒல்லி. அதே நடை, அதே முணுமுணுப்பு. போன மாசம் ஊருக்குப் போனப்ப அவ பாடறதைப் பார்த்துட்டு எனக்குப் புல்லரிச்சுடுச்சு.

ஆனா மேட்ச்சுன்னு வந்தா அவளை இடது கார்னர்லதான் நிறுத்தறான். பொண்ணுக்கு அதுல பயங்கர வருத்தம். என்கிட்ட வந்து, "மாமா, நீங்களாச்சும் எங்கப்பாகிட்டச் சொல்லுங்க"ன்னுச்சு. சொன்னேன். "அவ பாடட்டும் சாமி, யாரு வேண்டாம்னா? ஆனா கார்னரும் தெரியோணும்"ன்னான். ஞாயித்துக்கிழமையானா அந்தியூரான் அங்க வந்துடறானாம், பவானியில இருந்து பைக்குல. தொப்பையைத் தூக்கிக்கிட்டு மண்ணுல விழுந்து அந்தப் பொண்ணுக்குக் கணுக்கால் பிடிக்கக் கத்துக் குடுக்கறான். நான் போனது ஞாயித்துக்கிழமையே. பெரிய ஏட்டய்யா சட்டையெல்லாம் செம்மண். "என்னடா சொல்லித் தர்றே?"ன்னு கேட்டேன். பழைய பதில்தான். கன்னுக்குட்டி எந்தக் காலை மொதல்ல தூக்குதுன்னு பார்க்கோணும்ணா.